பாகூர்ச் சண்டையும் மச்சானோட இரும்பு அச்சும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, இட்லி உள்ள போயிட்டிருக்கும்போது டெக்சாஸ்லேர்ந்து மச்சான் போன். அத்தை பையன், என்னைவிட எட்டு வயசு மூத்தவர். பதினோரு வருஷம் அங்கே குப்பை கொட்டினது போதும்னு குடும்பத்தோட ஊருக்கே திரும்பி வர்றார். வில்லியனூர்ல வீடு ரெடி. சாமானெல்லாம் கப்பல்ல கன்டெய்னர்ல வருது. என்னென்ன ஏத்தலாம்னு லிஸ்ட் படிச்சிட்டே வந்தவர் கடைசியா ஒண்ணு கேட்டார்.

"மாப்ள, அந்த ரீலோடிங் பிரஸ்ஸையும் பெட்டியில போட்டுடட்டுமா? மருந்தும் இல்ல, குண்டும் இல்ல. வெறும் இரும்புதானே?"

அவர் என்கிட்ட கேட்டதுக்குக் காரணம் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி அந்த பிரஸ்ஸை வாங்கும்போது எதை வாங்கலாம்னு என்கிட்டதான் கேட்டார். அடியேன் மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுற ஆளு. இரும்பைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா யாராவது மெஷின் பத்திக் கேட்டா நாலு நாள் தூக்கம் போயிடும். அப்போ ராத்திரி ராத்திரியா படிச்சு "சிங்கிள் ஸ்டேஜ்தான் வாங்குங்க"ன்னு சொன்னேன். இப்போ "கொண்டு வரலாமா"ங்கற கேள்விக்கு பதில் சொல்ல மறுபடி படிக்க வேண்டியதாப் போச்சு. படிக்கப் போனா அது எங்க ஊர் பாகூர்ல, 1752-ல கொண்டு போய் விட்டுடுச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அது என்ன பிரஸ்?

துப்பாக்கியில ஒரு தோட்டா வெடிச்சதும் குண்டு பறந்துடும், மருந்து எரிஞ்சிடும், அடியில இருக்கற கேப்பு செத்துப் போயிடும். (தீபாவளிக்கு சுருள் கேப்பு வெடிச்சிருப்பீங்களே, கிட்டத்தட்ட அந்தத் தத்துவம்தான்.) மிஞ்சறது பித்தளைக் குப்பி மட்டும். ஒரு தோட்டாவுல பெரும்பாலும் விலை அதிகமான பாகம் அந்தக் குப்பிதான். அதைத் தூக்கிப் போடாம மறுபடி அளவுக்கு அமுக்கி, புதுசா நிரப்பிக்கறதுதான் ரீலோடிங். அமெரிக்காவுல நிறைய பேர் கார் ஷெட்டுல உக்காந்து இதை ஒரு பொழுதுபோக்கா பண்றாங்க.

அதுக்கான கருவிதான் பிரஸ். நம்ம வீட்டு முறுக்கு அச்சை நினைச்சுக்குங்க. உடம்பு ஒண்ணுதான், வில்லையை மாத்தினா முறுக்கு, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி. பிரஸ்ஸும் அப்படித்தான். இரும்புச் சட்டம் ஒண்ணு, அடிபம்பு மாதிரி ஒரு கைப்பிடி, மேல மாத்திக்கற மாதிரி 'டை'. சிங்கிள் ஸ்டேஜ்னா ஒரு நேரத்துல ஒரே டை. ஒரு இழுப்புக்கு ஒரு குப்பிக்கு ஒரு வேலை. அம்பது குப்பிக்கும் முதல் வேலையை முடிச்சிட்டு டையை மாத்தி, அம்பதுக்கும் ரெண்டாவது வேலை. ப்ரோகிரஸிவ்னு இன்னொரு வகை இருக்கு. அதுல சுத்துற தட்டுல நாலஞ்சு வேலை ஒரே நேரத்துல நடந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழும். எங்க பாஷையில சொன்னா ஒண்ணு பேட்ச், இன்னொண்ணு பைப்லைன்.

அப்போ நான் மச்சானுக்கு சொன்ன காரணங்கள் மூணு. ஒண்ணு, சட்டத்தோட உருவம். ஆங்கில எழுத்து 'சி' மாதிரி ஒரு பக்கம் திறந்திருந்தா கை விட்டு எடுக்க வசதி, ஆனா பலமா அமுக்கும்போது கொஞ்சம் விரியும். 'ஓ' மாதிரி மூடியிருந்தா விரியாது, நேரா இறங்கும். ரெண்டாவது, மரை. 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரைங்கறது இன்னைக்கு ஏறக்குறைய எல்லா கம்பெனிக்கும் பொது அளவு. ஒருத்தன் பிரஸ்ல இன்னொருத்தன் டை உக்காரும். மூணாவதுதான் முக்கியம். ஒவ்வொரு கட்டத்துலயும் நின்னு பாக்கலாம். அம்பது குப்பியையும் ஓட்டை போட்ட கட்டையில வரிசையா நிறுத்தி, லைட் அடிச்சு உள்ள எட்டிப் பாக்கலாம். ஒரு குப்பியில தப்பித் தவறி ரெண்டு தடவை மருந்து விழுந்தா துப்பாக்கியே கையில வெடிக்கும். வேகமா ஓடற மெஷின்ல அந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாமப் போக வாய்ப்பு அதிகம். மெதுவா போறவனுக்கு அதைப் பிடிக்க நேரம் இருக்கு.

மெதுவா போறதுன்னதும் பாகூர் ஞாபகம் வந்துச்சு. அங்கே மெதுவா நிரப்பினதாலயே ஒரு சண்டையோட போக்கு மாறிச்சு.

பாகூர், 1752

பாகூர்னா எல்லாருக்கும் தெரிஞ்சது பெரிய ஏரி, மூலநாதர் கோயில். பல்லவர் காலத்துச் செப்பேடு பத்தி ஸ்கூல்ல ஒரு வரி சொல்லியிருப்பாங்க. அந்த வயக்காட்டுக்குப் பக்கத்துல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கிட்டாங்கன்னு சொன்னா எங்க ஊர்ப் பசங்களே "அப்படியா?"ம்பாங்க.

1749-50 வாக்கில்தான் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கம்பெனி கைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி, 1748-ல பாஸ்காவன் புதுச்சேரியை முற்றுகை போட்டப்பவே அரியாங்குப்பம் கோட்டைச் சண்டையில பிரெஞ்சுக்காரங்க வெடிமருந்து தீப்பிடிச்சு அவங்க ஆளுங்களே செத்திருக்காங்க. 1752-ல இங்கிலீஷ் பக்கம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், பிரெஞ்சுப் பக்கம் துய்ப்ளேயோட உறவுக்காரர் கெர்ஜான். லாரன்ஸ் பின்வாங்கற மாதிரி பாகூர் வரைக்கும் வர, கெர்ஜான் துரத்திட்டு வந்து பக்கத்துல கூடாரம் போட்டார். பழைய காலண்டர்படி ஆகஸ்ட் 26, இப்போதைய காலண்டர்படி செப்டம்பர் 6. விடியறதுக்கு முன்னாடி லாரன்ஸ் போய் விழுந்தார்.

அன்னைக்கு ரெண்டு பக்கமும் கையில வச்சிருந்தது வாய்வழி நிரப்புற மஸ்கெட். காகிதத்தைச் சுருட்டி, உள்ள ஈயக் குண்டும் கருமருந்தும் வச்சுக் கட்டின பொட்டலம்தான் 'தோட்டா'. பல்லால கடிச்சுக் கிழி, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில போடு, மீதியைக் குழல்ல கொட்டு, குண்டைப் போடு, கம்பியால இடி, அப்புறம் குறி பாரு. நல்லாப் பழகின சிப்பாயே நிமிஷத்துக்கு ரெண்டு, மூணு தடவைக்கு மேல சுட முடியாது. அதனாலதான் பாகூர்ல நடந்தது நடந்துச்சு. சுட்டு முடிச்சு மறுபடி நிரப்பறதுக்குள்ள ரெண்டு வரிசையும் நெருங்கி, துப்பாக்கி முனைக் கத்தியால குத்திக்கிட்டாங்க. அந்தக் காலச் சண்டைகள்ல பயனெட்டைக் காட்டினாலே ஒரு பக்கம் ஓடிடுமாம். பாகூர்ல நிஜமாவே கத்தியும் கத்தியும் மோதிச்சு. கடைசியில பிரெஞ்சு வரிசை உடைஞ்சு, கெர்ஜானே பிடிபட்டார்.

இந்த இடத்துல எனக்குப் பிடிச்ச ஒரு பொறியியல் விஷயம். பிரெஞ்சு மஸ்கெட்டோட குழல் விட்டம் இங்கிலீஷ் மஸ்கெட்டைவிடச் சின்னது. பிரெஞ்சுக் குண்டு இங்கிலீஷ் குழல்ல லொடலொடன்னு போயிடும், இங்கிலீஷ் குண்டு பிரெஞ்சுக் குழல்ல லேசுல போகாது. 7/8 அங்குலப் பொது மரையெல்லாம் அப்போ கனவுல கூட கிடையாது :-)

ஆனா கவனிக்க வேண்டியது வேற. அன்னைக்குத் தோட்டா தயாரிக்கத் தேவைப்பட்டது என்ன? ஈயம், ஒரு சின்ன அச்சு, காகிதம், நூல், கருமருந்து. கருமருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பு பீகார் பக்கத்துலேர்ந்து மூட்டை மூட்டையா வரும். எதுவும் ரகசியம் இல்ல. கம்பெனிக்காரன் செய்யறதை பாளையக்காரனும் செய்வான், ஊர்க் கொல்லனும் குண்டு வார்ப்பான். தோட்டா நிரப்புற வேலை எல்லார் கையிலயும் இருந்துச்சு.

கை மாறின கதை

அப்புறம் ஒவ்வொண்ணா மாறுது. பாளையக்காரர் போர் முடிஞ்சதும் 1801 டிசம்பர் 1-ல சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவோட மகன்) ஒரு பிரகடனம் போட்டார். தெற்குப் பாளையங்கள்ல கோட்டைகளை இடிக்கணும், ஆயுதங்களை ஒப்படைக்கணும். பிரெஞ்சுக்காரனையும் விட்டு வைக்கல. 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி அவங்க இந்தியப் பகுதிகளைத் திருப்பிக் கொடுத்தாலும், கோட்டை கட்டக்கூடாது, போலீஸ் வேலைக்குத் தேவையான அளவு ஆட்களை மட்டும்தான் வச்சுக்கலாம்னு நிபந்தனை. 1816-ல பாகூரும் வில்லியனூரும் மறுபடி பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே வந்தப்போ அது பல்லுப் புடுங்கின பாம்பு.

1857 கதை எல்லாருக்கும் தெரியும். என்ஃபீல்டு ரைஃபிளோட காகிதத் தோட்டா, அதுல தடவின கொழுப்பு, டம்டம்ல கிளம்பின வதந்தி. அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. பிரச்சினை கிளம்பினதும் கம்பெனி, கொழுப்பு தடவாத தோட்டாவைக் கொடுக்கறோம், சிப்பாய்களே கடையில வேண்டியதை வாங்கித் தடவிக்கலாம்னு இறங்கி வந்துச்சு. அதாவது கடைசி வேலையை உன் கையாலேயே செஞ்சுக்கோன்னு சொன்னாங்க. ஆனா அதுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு. தன் வாயில வைக்கிற பொருளை எவனோ எங்கேயோ செய்யறான், உள்ள என்ன இருக்குன்னு தனக்குத் தெரியாதுங்கற பயம் அது. மதம் மட்டுமே காரணம்னு நான் நினைக்கல.

அடுத்த பத்து வருஷத்துல காகிதமே ஒழிஞ்சிடுச்சு. 1860-கள்ல பித்தளைக் குப்பி வந்துடுச்சு. இங்கிலாந்துல பாக்ஸர், அமெரிக்காவுல பெர்டன், ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்துல ஆளுக்கொரு வகையில கேப்பை அடியில பொருத்தினாங்க. வேடிக்கை என்னன்னா இங்கிலீஷ்காரரோட முறையை அமெரிக்கா எடுத்துக்கிச்சு, அமெரிக்கரோட முறையை ஐரோப்பா எடுத்துக்கிச்சு. பாக்ஸர் குப்பியில நடுவுல ஒரே ஓட்டை. ஒரு ஊசி இறங்கினா பழைய கேப்பு கழண்டு விழும். பெர்டன் குப்பியில ஓரமா ரெண்டு சின்ன ஓட்டை. நேரா ஊசி விட முடியாது. அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு ரீலோடிங் வளர்ந்ததுக்கு இந்த ஒத்தை ஓட்டையும் ஒரு காரணம்.

1884-ல பிரான்ஸ்ல பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். அதோட கருமருந்துக் காலம் முடிஞ்சது. இனிமே தோட்டாவுக்கு ரசாயனத் தொழிற்சாலை வேணும். பிரிட்டிஷ்காரன் கார்டைட்னு தன்னோட வகையைச் செஞ்சு, நீலகிரியில அருவங்காட்டுல 1900-கள் தொடக்கத்துல ஆலையே வச்சுட்டான். ஊட்டி ரயில்ல போறப்போ அந்த ஸ்டேஷன் பேரைப் பாத்திருப்பீங்க. இன்னைக்கும் அந்த ஆலை ஓடுது. ராணுவத் தளவாட ஆலைகளை 2021-ல ஏழு அரசு கம்பெனியா பிரிச்சப்போ அது மியூனிஷன்ஸ் இந்தியா கீழே போச்சு.

தொழில்நுட்பம் ஒரு பக்கம் கையை விட்டுப் போச்சுன்னா சட்டம் இன்னொரு பக்கம். 1878-ல லிட்டன் வைஸ்ராயா இருந்தப்போ ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. காங்கிரஸ் ஆரம்ப காலத்துலேர்ந்தே எதிர்த்த சட்டங்கள்ல இதுவும் ஒண்ணு. குடகு மக்களுக்கு மட்டும் அப்போ கொடுத்த விலக்கு இன்னைக்கும் தொடருது. 2019-ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு.

விளைவு என்னன்னு பாருங்க. 1911 ஜூன் 17-ல மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிரெஞ்சுப் பகுதிங்கறதால பிரிட்டிஷ் போலீஸ் நேரடியா கை வைக்க முடியாத எங்க புதுச்சேரியிலதான், வ.வே.சு. ஐயர்கிட்ட சுடப் பழகினார். கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல். 1914-ல கல்கத்தாவுல ராடா கம்பெனியோட சரக்கைப் புரட்சிக்காரங்க கடத்தினப்போ, 50 மாசர் பிஸ்டலோட 46,000 தோட்டாவையும் சேர்த்து எடுத்துட்டுப் போனாங்க. ஏன்? துப்பாக்கியை ஒரு தடவை கொண்டு வந்துடலாம், தோட்டாவை இங்கே செய்ய முடியாதே! கட்டபொம்மன் காலத்துல கொல்லன் பட்டறையில முடிஞ்ச வேலைக்கு, நூறு வருஷம் கழிச்சு ஐரோப்பாவைக் கையேந்த வேண்டியதாச்சு.

தோட்டாவோட அளவுலயும் அரசியல் இருந்துச்சு. பாயின்ட் 303 ராணுவ அளவு, அது பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது. அதனால பாயின்ட் 315-னு தனி அளவு. வெள்ளைக்காரன் போயும் அந்தப் பழக்கம் போகல. லைசென்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு அரசு ஆலை செஞ்சு வித்த ரைஃபிளும் 315-தான்.

எங்க பக்கம் கடைசி வரைக்கும் தன் கையால நிரப்பிக்கிட்டிருந்தவங்க நரிக்குறவர்கள்தான். வில்லியனூர் பக்கம் தோள்ல நாட்டுத் துப்பாக்கியைச் சாத்திக்கிட்டு, இடுப்புல மருந்துப் பையும் ரவைப் பையுமா கொக்கு சுடப் போவாங்கன்னு அப்பா சொல்வார். அது பாகூர்ல 1752-ல நடந்த அதே வேலைதான். கொட்டு, இடி, சுடு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை போச்சு. அவங்களும் ஊசிமணி பாசிமணிக்கு வந்துட்டாங்க. பறவைங்க பிழைச்சதுல எனக்கு சந்தோஷம்தான். அவங்க பொழைப்பு போனதுக்கு யார் என்ன கொடுத்தாங்கன்னு கேட்டா பதில் இல்ல.

அங்கே எப்படி வளர்ந்துச்சு?

அமெரிக்காவுல கதை தலைகீழ். எருமை வேட்டைக்காரங்க கூடாரத்துலயே குப்பியை நிரப்பிக்கிட்டாங்க. 1884-ல ஜான் பார்லோ 'ஐடியல்'ங்கற பேர்ல இடுக்கி மாதிரி ஒரு கைக்கருவி விக்க ஆரம்பிச்சார். 1925-ல லைமன் கம்பெனி அதை வாங்கிச்சு. ரெண்டாம் உலகப் போர்ல குண்டுக்கெல்லாம் தட்டுப்பாடு வந்தப்போ, 1943-ல கலிஃபோர்னியாவுல ஃபிரெட் ஹன்டிங்டன், சுட்டுப் போட்ட சின்னக் குப்பிகளையே குண்டுக்கு உறையா மாத்த ஒரு டை செஞ்சார். அதுதான் ஆர்சிபிஎஸ் கம்பெனியோட ஆரம்பம். மச்சான் மேஜையில திருகி வச்சிருக்கற அச்செல்லாம் இந்தப் பரம்பரைதான். அங்கே அரசாங்கம் அந்த வேலையைக் குடிமகன்கிட்டேர்ந்து பிடுங்கல. அதனால நல்லதும் வந்துச்சு, தினம் செய்தியில படிக்கற கெட்டதும் வந்துச்சு. நான் யாருக்கும் சர்டிஃபிகேட் கொடுக்க வரல.

சரி, கொண்டு வரலாமா?

இப்போ நம்ம நாட்டுல இருக்கறது 1959 ஆயுதச் சட்டம். அதுல ரெண்டாவது பிரிவுல 'அம்யூனிஷன்'னா என்னன்னு ஒரு பட்டியல் இருக்கு. ராக்கெட், குண்டு, எறிகுண்டுன்னு போய், ஆறாவது இடத்துல என்ன வருது தெரியுமா? தோட்டாவோட பாகங்கள், தோட்டா தயாரிக்கிற இயந்திரங்கள். அதாவது சட்டத்தோட கண்ணுல மச்சானோட அச்சு 'வெறும் இரும்பு' இல்ல. அதுவே ஒரு தோட்டா! அதை வச்சுக்க லைசென்ஸ், இறக்குமதிக்கு லைசென்ஸ், தயாரிப்புக்குத் தனி லைசென்ஸ். 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். நான் வக்கீல் இல்ல. ஆனா இந்த வரியைப் புரிஞ்சுக்க வக்கீல் தேவையும் இல்ல.

முதல் தடவை படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. ஏழெட்டு கிலோ வார்ப்பிரும்பு எப்படிய்யா தோட்டா ஆகும்? யோசிச்சா சட்டம் எழுதினவன் வரலாறு தெரிஞ்சவன். துப்பாக்கியைப் பிடிச்சவன் கையில அதிகாரம்னு நாம நினைக்கறோம். துப்பாக்கியை ஒரு தடவை பிடிக்கலாம், அதை மறுபடி மறுபடி நிரப்ப முடியறவன் கையிலதான் அதிகாரம் நிக்குது. பாகூர்ல நிரப்பறதுக்கு நேரம் கிடைக்காதவன் தோத்தான். நாட்டுல நிரப்பற வேலையையே இழந்தவங்க நூத்தம்பது வருஷம் தோத்தாங்க. அந்தப் பூட்டை வெள்ளைக்காரன் நம்ம மேல போட்டான். சுதந்திரம் வந்த பிறகு நாம பூட்டைக் கழட்டல, சாவியை மட்டும் நம்ம பாக்கெட்டுக்கு மாத்திக்கிட்டோம். அது தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எங்க தெருவுல கோயில் திருவிழாவுல மைக் செட்டுக்கே மண்டை உடையுது. இதுல ஆளாளுக்கு வீட்டுல தோட்டா அச்சு இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சா அடிவயிறு கலங்குது. அதே சமயம் யார் போட்ட பூட்டு, எதுக்குப் போட்டாங்கன்னு தெரியாமலே "சட்டம்னா சட்டம்"னு சொல்லவும் பிடிக்கல. அதான் இவ்ளோ தூரம் எழுதினேன்.

மச்சானுக்கு அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "மச்சான், வேணாம். அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துடுங்க. டை, அளவு பாக்கற தராசு எல்லாத்தையும் சேர்த்து."

கொஞ்ச நேரம் பேசல. "அதுல உக்காந்தா ஒரு மணி நேரம் வேற எதுவும் ஞாபகம் வராது மாப்ள. ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொண்ணா பாத்து..."ன்னு இழுத்தார். அவருக்கு இழப்பு துப்பாக்கி இல்லன்னு அப்பதான் புரிஞ்சுது. மெதுவா, கவனமா கையால செய்யற ஒரு வேலை போகுதேங்கறதுதான்.

பக்கத்துல இருந்த அத்தை போனை வாங்கி, "அதுக்கென்னடா, வந்ததும் எங்கிட்ட முறுக்கு அச்சு இருக்கு, உக்காந்து பிழியட்டும்"னாங்க. தீபாவளிக்கு நாலு படி மாவு காத்துக்கிட்டிருக்கு.

கொசுறு: கன்டெய்னர் இப்போ கடல்ல. அச்சு மச்சானோட சினேகிதர் ஒருத்தர் மேஜையில. பாகூர் ஏரிக்கரைப் பக்கம் யாராவது போனா, 1752-ன்னு ஒரு சின்னக் கல்லாவது நட்டிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க. என் கண்ணுல இதுவரைக்கும் படல.